மிருகப் பொருத்தம்

ஆமை கண்ணாடியில் செய்தது. ஜோசியர் வீட்டு முன்னறையில், பித்தளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் வைத்திருந்தார்கள், தலை உள்வீட்டைப் பார்த்தபடி. செங்கோடன் அதை முறைத்துக்கொண்டிருந்தார். நிஜ ஆமை ஒன்று இந்த வாசற்படி ஏறி வந்திருந்தால் இதே சபாபதி ஜோசியர் வீட்டைக் கழுவிவிட்டு, ஹோமம் வளர்த்து, ஆமையைச் சாக்கில் கட்டி ஏரியில் விட்டுவரச் சொல்லியிருப்பார். கண்ணாடி ஆமை என்றால் செல்வம் வருமாம். உயிர் இருந்தால் தரித்திரம், உயிர் இல்லாவிட்டால் லட்சுமி. நல்ல நியாயம். சுவரில் வெள்ளைக் குதிரைகள் கடலோரமாக ஓடின, ஏழும் ஒரே முகத்தோடு. வரைந்தவன் ஆயுளில் குதிரையைப் பார்த்ததில்லை. முன்னங்கால் முட்டி முன்பக்கம் மடிந்திருந்தது, அந்தக் காலை வைத்துக்கொண்டு கடலோரம் என்ன, கட்டுத்தறியைச் சுற்றிக்கூட ஓட முடியாது, ஆனால் அதை மாட்டிவைத்தவனுக்குத் தொழில் ஓடுமாம். குதிரைக்குக் கீழே கழுதை. பார்த்தால் யோகம் வரும் என்று அதன் வயிற்றுக்கடியில் எழுதியிருந்தது. மனிதன் கழுதையைப் பார்த்தால் மனிதனுக்கு யோகம், கழுதை மனிதனைப் பார்த்தால் கழுதைக்கு மூட்டை. இதைச் சத்தமாகச் சொல்லலாம் என்று வாய் திறந்தது. பக்கத்து நாற்காலியில் பூங்கோதை லேசாகச் செருமினாள். திரும்பக்கூட இல்லை, செருமல்தான். செங்கோடன் வாயை மூடிக்கொண்டார். எழுபது வயது. முப்பது வருஷத்துக்கு மேலாக அரசாங்கக் கால்நடை மருத்துவராக இருந்தவர். மாட்டு டாக்டர் என்றால் இந்தப் பக்கத்தில் தெரியாதவன் இல்லை. சொந்த மகள் செருமினால் வாயை மூட வேண்டியிருக்கிறது.

காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிட்டாள். "பொண்ணோட அப்பா வரோணுமாம். அதனால வாங்க. வாயை மட்டும் தொறக்காதீங்க." ம் என்றார். "அந்த ம்மும் வேண்டாம்ப்பா. அந்த ம்முலயே எல்லாம் தெரியும்." அதற்கு ம் சொல்லாமல் எப்படிப் பதில் சொல்வது என்று தெரியாமல் அவர் பொத்தானைப் போட்டார். அவள் போகவில்லை. நின்றாள். "எனக்கு அவரைப் புடிச்சிருக்குது" என்றாள். அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். அடுப்பு எரியக்கூட இல்லை. முப்பத்துமூன்று வயசில், வங்கியில் ஊருக்கெல்லாம் கடன் கொடுக்கிறவள், அணைந்த அடுப்பைப் பார்த்து ஒரு வாக்கியம் சொன்னாள், அதைக் கேட்டதிலிருந்து அவருக்கு நெஞ்சுக்குள் என்னவோ குறுக்கே கிடக்கிறது, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. போன தடவை கெட்டது அவரால்தான். சங்ககிரி வரன். அந்தப் பையனுக்கு ஏதோ யானை நட்சத்திரம், இவளுக்கு எலி நட்சத்திரம், சுமாராக ஒத்துப்போகும் என்று அந்த ஜோசியன் இழுத்தபோது, எலிக்கு மூணு வாரத்துல குட்டி, யானைக்கு ரெண்டு வருஷம், உங்க கணக்குல இவங்களுக்குக் குழந்தை எப்பப் பொறக்கும், என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒருவனும் சிரிக்கவில்லை. பையன் வீட்டார் வெற்றிலைத் தட்டைத் தொடாமலே எழுந்தார்கள். அன்றிரவு பூங்கோதை மேஜைக்கு வரவில்லை. சமையலறை ஜன்னலோரம் தட்டைக் கையில் பிடித்து நின்றபடியே சாப்பிட்டாள், இன்னொரு கையில் போன். இப்போதெல்லாம் தினமும் அப்படித்தான் சாப்பிடுகிறாள். மாடு நின்று தின்கிறது, குதிரை நின்று தின்கிறது, அதெல்லாம் சரி. வீட்டில் சாப்பாட்டு மேஜையும் இரண்டு நாற்காலியும் இருக்கிற மனுஷி ஏன் நின்று தின்ன வேண்டும். ஒரு நாற்காலி அவருடையது. அதுவும் காலியானபின் இவள் நின்றுகொண்டே இருப்பாள், அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில், தட்டு கையில். இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு நகரமாட்டேன் என்றது, முள்ளில் மாட்டிய வேட்டி மாதிரி. உதறினார். கண்ணாடி ஆமையைப் பார்த்தார். சனியன்.

எதிரில் நல்லம்மாள் உட்கார்ந்திருந்தாள், பையனின் அம்மா. மடியில் பூக்கூடை, கூடையில் தேங்காய். பக்கத்தில் பையன் தினகரன், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதும் மாட்டுவதுமாக. இவனும் பூங்கோதையும் ஒரே வங்கிக் கிளையில் வேலை. அம்மா சம்மதித்தால்தான் தாலி என்று சொல்லிவிட்டானாம். அந்த அம்மாவோ சபாபதி ஜோசியர் சம்மதித்தால்தான் என்று சொல்லிவிட்டாள். பையனுக்கு முப்பத்தாறு வயசு. ஆயில்யம், பூனை நட்சத்திரம். பூனையாம். பூனை எந்தக் காலத்தில் யாரைக் கேட்டது? நல்லம்மாள் மூலையிலிருந்த மீன் தொட்டியைப் பார்த்துக் கும்பிட்டாள். மீனைக் கும்பிடுகிறாள். "டாக்டருங்க, இதுல பெரிய மீன் ஒண்ணு இருந்துச்சுங்க. போன மாசம் செத்துப் போச்சு. இந்த வீட்டுக்கு வந்த கண்டத்தை அது வாங்கிக்கிச்சுன்னு ஜோசியரு சொன்னாருங்க" என்றாள். அவர் பூங்கோதையைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார், ஆமாம் என்றும் இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் பச்சையாக இருந்தது. மிச்சமிருந்த மீன் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து காற்றைக் கவ்வியது. இன்னும் இரண்டு நாளில் இதுவும் ஒரு கண்டத்தை வாங்கிக்கொள்ளும். தண்ணீர் மாற்றச் சோம்பேறித்தனம், அதற்குத் தியாகம் என்று பேர். "எங்க பையன் வீடு கட்டுனப்போ கோமாதாவை மேல் மாடி வரைக்கும் கூட்டிட்டுப் போனமுங்க. அப்புறந்தான் வீடே வீடாட்டம் இருந்துச்சு" என்றாள் நல்லம்மாள். அந்த மாதிரி ஒரு வீட்டுக்கு அவர் போயிருக்கிறார். விருந்துக்கில்லை, வேலைக்கு. கன்று போட்ட பசு, நெற்றி நிறையக் குங்குமம், மூன்றாம் மாடியில் புது டைல்ஸ் தரையில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. மாடு படி ஏறும், இறங்காது. கண் அமைந்திருக்கிற விதம் அப்படி. இது யாருக்கும் தெரியவில்லை. சமையலறையில் அது சாணி போட்டதும் குலவையிட்டிருக்கிறார்கள், மூத்திரத்தைச் சொம்பில் பிடித்திருக்கிறார்கள், மகாலட்சுமியே வந்துவிட்டாள் என்று படம் எடுத்திருக்கிறார்கள், அப்புறம் சாப்பிட இலை போட வேண்டும், மகாலட்சுமி நடுவில் நிற்கிறாள், தள்ளினால் நகரவில்லை. வாலை முறுக்கினார்கள். குங்குமம் வைத்த அதே கை. கீழே கன்று கத்துகிறது, மேலே இது கத்துகிறது, மடி கட்டி விரைத்துப்போயிருந்தது. மயக்க ஊசி போட்டு, தார்ப்பாயில் கட்டி, எட்டுப் பேர் தூக்கி இறக்கினார்கள். இறங்கும்போது ஒருவன் சொன்னான், "என்ன கனம், சவம்." காலையில் தெய்வம், மத்தியானம் சவம். நடுவில் அது மாடாக இருக்க ஒரு நிமிஷம் விட்டார்களா. நல்லம்மாளிடம் கேட்க வேண்டும்போல் இருந்தது, எப்படி எறக்குனீங்க என்று. ஒரே ஒரு கேள்வி. நாக்கைக் கடைவாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

உள்ளே கூப்பிட்டார்கள். சபாபதி ஜோசியர் சின்ன உருவம், நல்ல குரல். மேஜைமேல் கம்ப்யூட்டர், அதன்மேல் மூஞ்சுறு வாகனத்தோடு பிள்ளையார். மேஜைக்கடியில் எலிப் பசை தடவிய அட்டை. செங்கோடன் இரண்டையும் பார்த்தார். பேசாமல் உட்கார்ந்தார். ஜோசியர் இரண்டு ஜாதகத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலை மடக்கி, உதட்டுக்குள் எண்ணினார். "ரஜ்ஜு இருக்குதுங்க. அதுவே பாதிக் கல்யாணம். மத்ததெல்லாம் முன்னப்பின்ன சரிக்கட்டிக்கலாம்." நல்லம்மாள் முகம் மலர்ந்தது. பூங்கோதை மடியில் வைத்திருந்த கை இன்னொரு கையைப் பிடித்தது. "மிருகப் பொருத்தத்துலதானுங்க இடிக்குது" என்றார் ஜோசியர். வந்துவிட்டது. வந்தே தீரும் என்று தெரியும், இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் ஆளுக்கொரு மிருகத்தைப் பங்கு பிரித்தவன் எவனோ அவன்மேல் செங்கோடனுக்கு எப்போதும் ஒரு கண்தான், எந்த ஆலமரத்தடியில் உட்கார்ந்து பிரித்தான், குதிரை கொடுத்தான், குரங்கு கொடுத்தான், கீரி கொடுத்தான், பன்றி ஏன் கொடுக்கவில்லை, பன்றிக்கென்ன, நல்ல ஜீவன், புத்திசாலி, பன்றி நட்சத்திரத்தில் பிறந்தேன் என்று ஒருத்தனும் சொல்லிக்கொள்ள மாட்டான் என்பதால்தானே. இவள் ராசி சிங்கம், நட்சத்திரம் எலி. சிங்கத்துக்குள் எலி. அந்தப் பையன் ராசி நண்டு, நட்சத்திரம் பூனை. நண்டுக்குள் பூனை. எந்தக் கசாப்புக் கடையிலும் இப்படி ஒரு கலப்படம் நடக்காது. அவருக்கும் மனைவி வள்ளிநாயகிக்கும் பார்த்தபோது அவருக்கு எருது, அவளுக்குப் பசு, இதைவிடப் பொருத்தம் ஏது என்று ஊரே சொன்னது. ஒரு தொழுவத்தில் கட்டிய இரண்டு மாடுகள் பேசிக்கொள்கிற அளவுக்குப் பேசிக்கொண்டார்கள். பூங்கோதை கல்லூரியில் இருக்கும்போது வள்ளிநாயகி போய்ச் சேர்ந்துவிட்டாள். பத்துக்கு ஒன்பது பொருத்தம் என்றார்கள், விட்டுப்போன அந்த ஒன்று எது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. "பொண்ணு பூரம், பெண் எலி. பையன் ஆயில்யம், ஆண் பூனை" என்று ஜோசியர் நிதானமாகச் சொன்னார். "ஜென்மப் பகைங்க. பூனை இருக்குற வீட்டுல எலி எத்தனை நாளைக்கு? அதுல பூனைக்கு ஒண்ணும் ஆகாதுங்க. எலிக்குத்தான்."

வாக்கியம் தயாராக இருந்தது. நாக்கு நுனியில், ரொம்ப நாளாகப் பழகிய ஊசி மாதிரி. எலிக்குப் பூனைதான் எமன் என்றால் உன் மேஜைக்கடியில் பசை அட்டை எதற்கடா? ஒரே குத்து. ஜோசியன் முகம் எப்படிப் போகும் என்றுகூடப் பார்த்துவிட்டார். நல்லம்மாள் என்ன சொல்வாள் என்றும் தெரியும், இந்த மாதிரி அம்மாக்களை அவர் பார்த்திருக்கிறார், எங்க பையனுக்கு ஆகாதுன்னா வேண்டாமுங்க என்பாள், உடனே எழுவாள், எழட்டும், போகட்டும். ஆனால் நல்லம்மாள் எழவில்லை. பூங்கோதையின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். "அம்மிணி, எனக்கு உன்னையப் புடிக்காம இல்ல கண்ணு. எம்பையனுக்கு ஒண்ணும் ஆகாதுங்கறாரு. ஆனா நாளைக்கு உனக்கொண்ணு ஆயிருச்சுன்னா? தாயில்லாத புள்ளையக் கூட்டியாந்து நானே பூனை வாயில குடுத்தாப்ல ஆயிருமே. அந்தப் பாவத்தை நான் எங்க கொண்டு போயிக் கொட்டறது" என்றாள். தினகரன் "அம்மா" என்றான். கண்ணாடியைக் கழற்றினான். செங்கோடனுக்கு ஊசி கையிலேயே நின்றுபோயிற்று. கெட்டவளாக இருந்திருந்தால் குத்தியிருக்கலாம். முட்டாள் கெட்டவனாக இருந்தால் எவ்வளவு சௌகரியம். இது பயப்படுகிற முட்டாள், அதுவும் அவர் மகளுக்காகப் பயப்படுகிறது, இந்தப் பயத்தை என்ன சொல்லி அடிப்பது, கர்ப்பக் கணக்கு சொல்லியா, மாட்டுக் கண்ணின் அமைப்பைச் சொல்லியா, நிஜத்தைச் சொல்லி யாருடைய பயத்தை அவர் இதுவரை போக்கியிருக்கிறார். பால் பாம்புக்குச் செரிக்காது என்று சொல்லிச் சொல்லி எந்தப் புற்றில் பால் ஊற்றுவது நின்றது. பூங்கோதையின் முகம் சமையலறை ஜன்னலுக்கு முன்னால் இருக்கிற முகமாக மாறிக்கொண்டிருந்தது, அவர் பார்க்கப் பார்க்க, இங்கேயே, உட்கார்ந்த இடத்திலேயே நின்றுகொண்டிருக்கிற மாதிரி. "அப்ப நாங்க கெளம்பறமுங்க" என்றாள் நல்லம்மாள், கையை விடாமல்.

"ராசிபுரத்துல இருந்தப்போ" என்றார் செங்கோடன்.

பூங்கோதையின் தலை வெடுக்கென்று திரும்பியது. வேண்டாம் என்று அந்தக் கண் கெஞ்சியது. அவர் அவளைப் பார்க்கவில்லை, நல்லம்மாளைப் பார்த்தார். "ஒரு தானிய மண்டிங்க. அங்க ஒரு பூனை. குட்டி போட்டு எல்லாம் செத்தே பொறந்துச்சு. நாந்தான் எடுத்துப் போட்டேன்." இதுவரை நிஜம். குரல் அவருடையதுதானா என்று இருந்தது, கம்மலாக, கோயிலில் கதை சொல்கிறவன் குரல் மாதிரி. "மடி நெறையப் பாலு. வலியில கத்திக்கிட்டே கெடந்துச்சு. அன்னிக்குன்னு மண்டியில மூட்டையைப் பொரட்டுனா உள்ள எலிக்குஞ்சுங்க. கண்ணே தொறக்கல, செவப்பா." அதுவும் நிஜம். மண்டிக்காரன்தான் வேடிக்கைக்காக அதை எடுத்துப் பூனை முன்னால் போட்டான். கூட்டம் சேர்ந்தது. "பூனை மோந்து பாத்துச்சு" என்றார். "நக்கிக் குடுத்துச்சு." நக்கியது. தலையிலிருந்து வால்வரை, ஒவ்வொன்றாக, பொறுமையாக. கூட்டத்தில் ஒரு பொம்பளை கையெடுத்துக் கும்பிட்டாள். இன்னொருத்தி மாரியாத்தா என்றாள். அப்போது அவர் சிரித்தார், அவருக்குத் தெரியும், நக்குவது எதற்கென்று. அடுத்த நிமிஷம் சத்தம் கேட்டது, பொரி கடிக்கிற மாதிரி, சின்னச் சின்னச் சத்தம். கும்பிட்ட பொம்பளை ஓடிவிட்டாள். அவருக்கு அதில் அருவருப்பு இல்லை. பூனைக்குப் பசித்தது, தின்றது. அங்கே இருந்தவர்களில் பொய் சொல்லாதது அது ஒன்றுதான் என்று நினைத்தார். ஆயுசு முழுக்க அவர் மதித்தது அதை மட்டும்தான், அதன் வாயை, நகத்தை, எதையும் குறிக்காமல் எதற்கும் அடையாளமாக நிற்காமல் தானாக மட்டும் இருக்கிற அந்தத் திமிரை.

"நக்கிக் குடுத்துட்டு?" என்றாள் நல்லம்மாள். மூச்சு விடாமல் கேட்டாள்.

"பால் குடுத்துச்சுங்க" என்றார் செங்கோடன். முப்பது வருஷத்தில் ஒரு கோழிக்குக்கூட அவர் பொய்ச் சான்றிதழ் எழுதியதில்லை. "நான் கண்ணால பாத்தனுங்க. இந்த வேலையில எத்தனையோ பாத்திருக்கேன். பகைங்கறதெல்லாம் பசியிலதானுங்க. வயிறு நெறைஞ்ச பூனைக்கு எலியும் புள்ளைதான்." கடைசி வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. காலண்டரில் அடிக்கலாம், அவ்வளவு கேவலமான வாக்கியம். நல்லம்மாளின் வாய் கோணியது. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. ஜோசியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கெட்டிக்காரன், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரிந்தவன். "பாத்தீங்களா! டாக்டரு வாயில வருது பாருங்க. இதைத்தானுங்க நான் பரிகாரத்துல சொல்ல வந்தேன். ஆயில்யக்காரன் வயிறு வாடாம பொஞ்சாதி பாத்துக்கிட்டா, பகை உறவாயிருமுங்க. சாஸ்திரத்துலயே இருக்குது." இருக்கும், இருக்கும். இனிமேல் இருக்கும். அடுத்த வாரம் இந்த மேஜையில் இன்னொரு எலிக்கும் பூனைக்கும் இந்த ராசிபுரத்துப் பூனை பால் கொடுக்கும். கழுதைப் படத்துக்குப் பக்கத்தில் அதற்கும் ஒரு சட்டம் மாட்டுவார்கள். தொழிலில் அவரும் சேர்ந்தாயிற்று.

"வெள்ளைப் பூனைங்களா?" என்றாள் நல்லம்மாள்.

அது செம்பட்டை. ஒரு காது கிழிந்தது. "வெள்ளைங்க" என்றார்.

"ஆமாங்க அத்தை" என்றாள் பூங்கோதை. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். "அப்பா எனக்குச் சின்ன வயசுல சொல்லியிருக்காரு." அத்தை என்கிறாள், இதுவரை ஆன்ட்டிதான். அவளுக்குச் சொன்னது உண்மை. ஏழோ எட்டோ வயசு, சோறு பிசைந்து கொடுக்கும்போது சொன்னார், கடித்த சத்தம் உட்பட எல்லாம் சொன்னார், குழந்தைக்கு எதற்குப் பொய் என்று. இரண்டு நாள் அழுதாள். பூனை பூனைதான், அழ என்ன இருக்கு, என்று அதட்டினார். அந்தப் பொரிச் சத்தம் அவளுக்கும் இப்போது கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. இப்படிப் பொய் சொல்ல எங்கே கற்றாள் என்று ஒரு கணம் கோபம் வந்தது, அப்புறம் வெட்கமாக இருந்தது. தினகரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தான். அவள் கண் அவன் பக்கம் போகவில்லை, அப்பாவிடமே இருந்தது. அடுப்பைப் பார்த்த மாதிரி இல்லை இது. நேராக.

நல்லம்மாள் கூடையிலிருந்து பூவை எடுத்துப் பூங்கோதையின் தலையில் வைத்தாள். தை பிறக்கட்டும் என்றாள். அப்புறம் செங்கோடன் பக்கம் திரும்பினாள், சம்பந்தி என்று கூப்பிட்டாள், கூப்பிட்டுவிட்டு வெட்கப்பட்டாள். "அந்த மண்டி இன்னும் இருக்குதுங்களா? கல்யாணத்துக்கு முன்னால ஒருக்கா போயி, அந்த எடத்துல ஒரு டம்ளர் பால் வெச்சுக் கும்பிட்டுட்டு வரோணும். நீங்களும் கூட வாங்க."

செங்கோடன் தொண்டையைச் செருமினார். பூங்கோதை அவரைத் தடுக்கவில்லை.

"பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலதானுங்க" என்றார். "யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."